அரைத் தட்டு அவரைக்காய்

1

இந்தக் கதை முழுக்க எனக்குச் சொந்தமில்லை. திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெண்மணி சொன்ன ஒரு வாக்கியத்தைக் கேட்காமல் கொள்ளாமல் எடுத்துவந்துவிட்டேன். ஜிலேபி பரிமாறுகிறவர் வந்தபோது அவர் இரண்டு கையாலும் இலையை மறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை எடுத்துவிட்டு "வையுங்க" என்றார். நான் கேட்காமலே எனக்கு விளக்கமும் சொன்னார்.

"என்ற ஊட்டுக்காரரு என்னயக் கோழி வளத்தற மாதிரி வளத்துறாருங்க. இன்னிக்கு ஒருநாளு மனுசியா இருந்துட்டுப் போறனே."

அவ்வளவுதான். அவர் பெயர் என்ன, எந்த ஊர், கோழி எங்கிருந்து வந்தது என்று எதையும் நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் அது அவருடைய கதையாக இருந்திருக்கும். இனி வருவதெல்லாம் என் கற்பனை, குற்றம் குறை இருந்தால் என்னைத்தான் கேட்க வேண்டும்.

மறுவாரம் சேலத்திலிருந்து ஜீவானந்தம் போன் செய்தார். பத்திரிகை நடத்துகிறவர், தங்கமான மனிதர். "அக்கா, ஆரோக்கியச் சிறப்பிதழ் போடறோம். நம்ம வீட்டுச் சாப்பாட்டையும் டாக்டருங்க சொல்ற சரிவிகித உணவையும் ஒப்பிட்டு ஒரு கதை எழுதிக் குடுங்க. கடைசியில வாசகருக்கு ஒரு சேதி இருக்கோணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். கதைக்குத்தான் சரி என்றேன், சேதிக்கு இல்லை. அது அவருக்கு இதைப் படிக்கும்போதுதான் தெரியும்.

2

தூக்கிப்போட்ட தொடக்கங்கள்:

"கம்பும் கேழ்வரகும் மணக்கும் கொங்கு மண்ணிலே..." இல்லை. கம்பு மணக்கிற வீட்டுக்குள் நான் கால் வைத்து வெகுகாலம் ஆகிறது. எல்லார் வீட்டுக் குக்கரிலும் பொன்னி அரிசிதான் கூவுகிறது.

"நாமக்கல்லில் மதியழகன் என்றொரு கொடுமைக்காரக் கண..." இதுவும் இல்லை. ஏன் என்று மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

அடுத்ததாக ஒரு கோடு போட்டு, இடது பக்கம் 'வீட்டுச் சாப்பாடு' என்றும் வலது பக்கம் 'சரிவிகித உணவு' என்றும் தலைப்பு எழுதினேன். வலது பக்கம் கடகடவென்று நிரம்பியது. இடது பக்கத் தலைப்பில் ஏதோ தப்பு இருப்பதாகப் பட்டது. என்ன தப்பு என்று பிடிபடாமல் அந்தத் தாளையும் கசக்கினேன்.

கடைசியில் நின்ற தொடக்கம் இதுதான்: அன்புச்செல்விக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்று, அவளைவிட அதிகம் பயந்தவன் அவள் கணவன் மதியழகன்.

(ஐம்பதை நெருங்குகிற இரண்டு பேரையும் அவள், அவன் என்றே எழுதப்போகிறேன். நான் இவர்களைவிட மூத்தவள். இவர்களைப் பெற்றவளும் நான்தான்.)

3

மதியழகனுக்கு நாமக்கல்லில் ஒரு தீவன ஆலையில் வேலை. முட்டைக்கோழிக்கு மக்காச்சோளம் எவ்வளவு, சோயாப் புண்ணாக்கு எவ்வளவு, கிளிஞ்சல் எவ்வளவு என்று விகிதம் போட்டுக் கொடுப்பவன். அவன் போட்ட விகிதத்தை நம்பிச் சுற்றுவட்டாரத்தில் லட்சக்கணக்கான கோழிகள் முட்டையிடுகின்றன. அன்புச்செல்வி லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். ஒரே மகள் அறிவுமதி, வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வருகிறவள்.

மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி எட்டைத் தாண்டியிருந்தது. மாத்திரையோடு சாப்பாட்டையும் சரிசெய்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம், இறங்காவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசிக்கு அன்புச்செல்வி அவ்வளவாகப் பயப்படவில்லை. அவளுக்கு அம்மாவின் கால் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை. கடைசி இரண்டு வருடமும் மாமியாரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி இறக்கியது மதியழகன்.

இதனால்தான் அவனைக் கொடுமைக்காரனாக எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதியிருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். "உங்கம்மாளுக்கு ஆனது உனக்கு ஆகப்படாது அம்மணி. நான் சொல்றது அவ்வளவுதான்" என்று அவன் சொன்னபோது அவன் குரல் உடைந்தது. உண்மையாகத்தான் உடைந்தது.

உணவு ஆலோசனை சொல்கிற அறையில் சுகன்யா என்று ஒரு சின்னப் பெண் இருந்தாள். மேசைமேல் ஒரு வட்டத் தட்டின் படம். பாதித் தட்டுக் காய்கறி, கால் தட்டுப் பருப்போ முட்டையோ, மீதிக் கால் தட்டில்தான் சோறு. "தினமும் வீட்ல என்ன சாப்பிடுவீங்கம்மா?" என்று அவள் அன்புச்செல்வியைக் கேட்டாள்.

பதில் சொன்னவன் மதியழகன். "காலைல இட்லி, சட்னிங்க. மத்தியானம் சோறு, பருப்பு, ஒரு பொரியலு, ரசம், மோரு. ஒரு முட்ட. ராத்திரிக்கும் அதேதானுங்க."

அன்புச்செல்வி தட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகன்யா எழுதிக்கொண்டாள். ஒப்பிட்டாள். "பரவால்ல சார், பொரியலைக் கூட்டி சோத்தைக் குறைச்சா போதும்" என்றாள்.

அவன் சொன்னது பொய்யல்ல. அது அவனுடைய சாப்பாடு. தன் தட்டில் இருப்பதுதான் தன் மனைவியின் தட்டிலும் இருக்கும் என்று அவன் நம்பினான். லட்சம் கோழி என்ன தின்கிறது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடியவன் அவன்.

4

தொழில் தெரிந்த ஆள் கையில் ஒரு விகிதம் கிடைத்தால் சும்மா இருப்பானா. ஆலையிலிருந்து பழைய தராசு ஒன்று வீட்டுக்கு வந்தது. அவள் வேகவைத்த காயைக் காலையில் எடை போட்டு, அவளுக்குண்டான பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் அவன் வேலைக்குக் கிளம்பினான். தினமும் அதே காய், அதே அளவு.

"ஏனுங்க, ஒருநாளாச்சும் மாத்திச் செய்யறனுங்க."

"தீவனத்த அடிக்கடி மாத்துனா முட்ட கொறையும் அம்மணி."

"நான் முட்டையா போடறனுங்க?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அன்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கிண்ணத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். அறிவுமதி கல்லூரியிலிருந்து பசியோடு வருவாள், மூடியைத் திறப்பாள், "கொஞ்சம் எடுத்துக்கறேம்மா" என்பாள். பெற்றவள் வேண்டாமென்றா சொல்வாள். பொழுதோடு மதியழகன் சாப்பிட உட்காருவான். ஏதோ யோசனையில் "இன்னொரு கரண்டி பொரியலு போடு" என்பான். சட்டியில் தீர்ந்திருக்கும். அவள் கிண்ணத்திலிருந்து போடுவாள். காலையில் தானே எடை போட்ட காயைச் சாயங்காலம் தானே தின்றுவிட்டு, "அளவாச் சாப்புட்டயா?" என்று அவளிடம் கேட்பான்.

"ம்" என்பாள்.

எல்லாரும் எழுந்தபிறகு அவள் பொரியல் சட்டியில் சோற்றைப் போட்டு, ஒட்டியிருக்கும் எண்ணெயோடும் கருவேப்பிலையோடும் புரட்டி, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவாள். வயிறு நிறைய வேண்டுமே, அதனால் சோறுதான் நிறைய. ரசத்தின் அடிமண்டி. காலையில் மீந்த இட்லி இருந்தால் அதுவும். இருபத்துச் சொச்சம் வருடமாக இதுதான் அவள் சாப்பாடு. யாரும் அவளை அப்படிச் சாப்பிடச் சொன்னதில்லை, அவளுக்கும் அது குறையாகத் தெரிந்ததில்லை. அந்த வீட்டில் முட்டை இரண்டுதான் அவிப்பார்கள். நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம். மூன்றாவது முட்டையைக் கணக்கில் சேர்க்காதவள் அவளேதான்.*

*அடிக்குறிப்பு: "இவ்வளவு சாதுவாக ஒருத்தி இருப்பாளா?" என்று இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. பேனாவை வைத்துவிட்டு என் பெரிய அக்காளையும், எங்கள் தெரு டீச்சரையும், என்னையும் நினைத்துப் பார்த்தேன். சந்தேகம் போய்விட்டது.

5

இரண்டு மாதம் ஆனது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை இறங்கக் காணோம். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மதியழகன் அந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

"நெசமாச் சொல்லு. ஆபீசுல திருட்டுத்தனமா எதாச்சும் இனிப்புத் திங்கறயா?"

அவள் அடுப்படிக்குப் போனாள். சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

அவனும் கோபத்தை வளர்க்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே மகளிடம் அன்றைய வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். மல்லசமுத்திரம் பக்கம் ஒரு பண்ணையில் முட்டை ஓடு சன்னமாக வருகிறதாம், தீவனம் சரியில்லை என்று பண்ணைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டாராம்.

"நான் நேராப் போயித் தீவனத் தொட்டியோட கடைசில கை உட்டுப் பாத்தன் சாமி. வெறும் மாவு. மொதல்ல நிக்கற கோழியெல்லாம் சோளக் குருணையாப் பொறுக்கித் தின்னுபோடுது. கடைசில நிக்கறதுக்கு மாவுதான் மிச்சம். மூட்டைல நான் போட்ட விகிதம் என்னமோ சரிதான். கடைசிக் கோழி வாய்க்கு அது போயிச் சேரல. அதப் பாக்காம ஆளாளுக்குக் கோழியக் கொற சொல்றாங்க."

"சூப்பர்ப்பா" என்றாள் அறிவுமதி, கிண்ணத்திலிருந்த கடைசிப் பொரியலை வழித்துக்கொண்டே.

அன்புச்செல்வி அடுப்படியில் சட்டியைக் கையில் பிடித்தபடி இதைக் கேட்டாள். ஒரு சொல்விடாமல் கேட்டாள். திருட்டுத்தனமா என்ற சொல் இன்னும் காதில் இருந்தது. அன்று அவள் சட்டியில் சோற்றைப் போடவில்லை. சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள். கோபம் என்றால் அப்படியொரு கோபம்.

6

மறுநாள் விடுமுறை. மூன்று பேரும் வீட்டில். அன்புச்செல்வி வழக்கம்போலவே சமைத்தாள்: சோறு, பருப்பு, ரசம், அவரைக்காய்ப் பொரியல், அவித்த முட்டை இரண்டு. வழக்கமான அளவுதான், ஒரு பிடி கூடுதலில்லை.

பிறகு ஒரு தட்டை எடுத்தாள். சுகன்யா கொடுத்த படம் அவளுக்கு மனப்பாடம். பாதித் தட்டுக்கு அவரைக்காய் வைத்தாள். பாதித் தட்டு என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. சட்டி காலியாகிவிட்டது. கால் தட்டுக்கு இரண்டு முட்டையும் கெட்டிப் பருப்பும். மீதிக் காலில் சோறு. கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, யாரையும் கூப்பிடாமல் சாப்பிட ஆரம்பித்தாள்.

அறிவுமதி வந்து அடுப்படியை எட்டிப் பார்த்தாள். "பொரியல் எங்கம்மா?"

"என்ற தட்டுல இருக்குது சாமி."

"முட்டை?"

"அதுந்தான்."

மதியழகன் எழுந்து வந்தான். தட்டைப் பார்த்தான். "ஏனம்மணி, வெளையாடறயா?"

"இல்லீங்க. படத்துல இருக்கற மாதிரியே எடுத்துக்கிட்டனுங்க. வேணும்னா தராசுல வெச்சுப் பாருங்க, சரியா இருக்கும்."

"நீயே எல்லாத்தையும் வழிச்சுக்கிட்டா நாங்க என்னத்த உண்றது?"

"இத்தன வருசமா நான் உண்டத உண்ணுங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "சட்டில எண்ணெ இருக்குது, நாலு கருவேப்பில இருக்குது. சோத்தப் போட்டுப் பொரட்டுனா நல்லாத்தான் இருக்கும். அதயும் எடை போட்டுக்குங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரில நீங்க சொல்லாம உட்டது அதுதானுங்க. நான் இனிப்புத் திருடித் திங்கல. இந்த ஊட்ல கடைசில நிக்கறேன்."

எழுத்தாளர் தன் கதைக்குத் தானே கை தட்டக் கூடாது என்பார்கள். நான் தட்டினேன்.

தைரியமாகப் பேசிவிட்டாளே தவிர, அவள் காது அடுப்படியிலேயே இருந்தது. மகள் ஊறுகாயைத் தேடி டப்பாக்களை உருட்டுகிற சத்தம் கேட்டது. அலமாரியின் இரண்டாவது தட்டில் பின்பக்கம் இருக்கிறது என்று எழுந்து போய் எடுத்துத் தரக் கால் பரபரத்தது. அவள் எழவில்லை. நன்றாக மென்று, நிதானமாகச் சாப்பிட்டாள். பிறகு மதியழகன் அடுப்படிக்குப் போய்ச் சட்டியில் சோற்றைப் போடுகிற சத்தம் கேட்டது.

7

இப்போது நான் கசக்கி எறிந்த தாளுக்கு வருகிறேன். ஜீவானந்தம், நீங்கள் கேட்ட ஒப்பீட்டை என்னால் ஏன் எழுத முடியவில்லை என்றால், வீட்டுச் சாப்பாடு என்று ஒன்று இல்லை. ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் வெந்தாலும் அந்த வீட்டில் மூன்று சாப்பாடு இருந்தது. முதலில் உட்காருகிறவருக்கு ஒன்று, இரண்டாவது ஆளுக்கு ஒன்று, கடைசி ஆளுக்கு ஒன்று. எதை எடுத்து எதோடு ஒப்பிடுவது?

நம்முடைய பாட்டன் காலத்துச் சாப்பாடே மருந்து என்று பேசுகிறவர்களுக்கும் சொல்கிறேன். அன்புச்செல்வியின் அம்மா களியும் கொள்ளும் தின்று வளர்ந்தவர்தான். அவரும் கடைசியில்தான் தின்றார். நீங்கள் புகழ்கிற பட்டியலில் அந்த விவரம் இருக்காது.

தட்டுப் படம் வரைந்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. படம் சரிதான். ஆனால் அந்தப் படத்தில் அரிவாள்மணை இல்லை. மூன்று பேருக்கும் பாதித் தட்டுக் காய் என்றால் ஒரு வேளைக்கு எவ்வளவு அவரைக்காய், அதற்கு யார் உட்கார்ந்து நார் உரிப்பது என்று எழுதவில்லை. மதியழகனுக்கும் இது முதலில் உறைக்கவில்லை. மூன்றாம் நாள் உழவர் சந்தையிலிருந்து பை நிறைய அவரைக்காயை வாங்கிக்கொண்டு பெருமையாக வந்தான்.

"இனி எல்லாத்துக்கும் ஆகும் பாரு."

"ஆகுமுங்க. ஆரு நார் உரிக்கறது?"

அவன் மகளைப் பார்த்தான். மகள் போனைப் பார்த்தாள். அன்புச்செல்வி தன் தட்டுக்கு வேண்டியதை மட்டும் எடுத்து உரித்து, தன் தட்டுக்கு மட்டும் பொரித்துக்கொண்டாள். மீதி அவரைக்காய் அடுப்பு மேடையிலேயே கிடந்து வதங்கியது. அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. காய்கறியை வீணாக்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அப்படியும் தொடவில்லை.*

*அடிக்குறிப்பு: பிறகு ஒருநாள் மதியழகன் உட்கார்ந்து நார் உரித்தான். பாதி நார் காயிலேயே இருந்தது. அதற்கப்புறம் சில நாள் உரித்தான், சில நாள் உரிக்கவில்லை. இதை அடிக்குறிப்பில்தான் போடுவேன். ஒருத்தன் அவரைக்காய் உரித்ததற்காக ஒரு கதையின் முடிவைத் தூக்கிப் பரிசாகக் கொடுக்க மாட்டேன்.

8

பரிசீலித்து ஒதுக்கிய முடிவுகள்:

அ. மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து சிரித்துச் சாப்பிடுகிறார்கள். சர்க்கரை இறங்குகிறது. (ஜீவானந்தத்துக்கு இதுதான் பிடிக்கும். அட்டைப் படமும் போடலாம்.)

ஆ. சர்க்கரை இறங்கவில்லை. பிடிவாதம் பிடித்ததற்குத் தண்டனை. (இதை எழுதப் பேனாவைத் தொட்டதற்கே எனக்கு வெட்கமாக இருந்தது.)

இ. அன்புச்செல்வி பழையபடி கடைசியில் சாப்பிடப் போய்விடுகிறாள், ஏனென்றால்

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். நிறையப் பேர் வீட்டில் அது தானாகவே முடிந்துகொள்கிறது.

9

மூன்று மாதம் முடிந்தது. காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். ரிப்போர்ட் வந்ததும் மத்தியானம் போன் செய்வதாக லேபில் சொன்னார்கள்.

இப்போது மத்தியானம். அன்புச்செல்வி தட்டைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்குச் சுரைக்காய், பச்சைப்பயறு, முட்டை. முட்டை மூன்று அவித்திருக்கிறது. மதியழகன் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கிறான். அவனுக்கு மாமியாரின் கால் கண்ணிலேயே நிற்கிறது. அவளுக்கும்தான். பயம் போய்விட்டதென்று நான் எங்கேயும் எழுதவில்லை.

போன் அடிக்கிறது. டி.வி. பக்கத்தில், அவளுக்குக் கை எட்டாத தூரத்தில்.

கதை எழுதுகிறவளுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. அவளை எழுப்பலாம், கையைத் துடைத்துக்கொண்டு ஓடவைக்கலாம், எண்ணைக் கேட்கிற அவள் முகத்தைக் காட்டிப் பக்கத்தை முடிக்கலாம். காலங்காலமாக நாங்கள் எழுதுகிற கதைகளில் பெண்கள் இப்படித்தான் பாதிச் சோற்றில் எழுந்திருக்கிறார்கள். கதவைத் திறக்க, பால் பொங்க, சாவுச் செய்தி கேட்க, யாருக்கோ தண்ணீர் கொடுக்க. நானே எத்தனையோ பேரை எழுப்பியிருக்கிறேன்.

அன்புச்செல்வி போனைப் பார்க்கிறாள். "அடிக்கட்டுமுங்க" என்கிறாள். பயற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்துவைக்கிறாள்.

நான் எழுப்ப மாட்டேன். மதியழகனும் எடுக்க மாட்டான், அந்த எண்ணைக் கேட்க அவனுக்குப் பயம். எண் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், நீங்கள் வந்து எடுங்கள். வாசலுக்குக் கொண்டுபோய் மெதுவாகப் பேசுங்கள். அவள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.